அறையில் ஒளிந்திருந்தவர்கள்

ஜூன் 16

பூனைக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கப் போனேன். அந்தச் சொல்லை எழுத இப்போது எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

நான் அண்ணி வீட்டில் இருக்கிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பியது தப்புதான். நீ வெளியே வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். போனை அணைத்து அண்ணியின் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பேசிக் கெடுத்ததை இன்னொரு தடவை பேசிச் சரிசெய்யத் தைரியம் இல்லை. அதனால்தான் கடிதம்.

கண்ணை மூடினால் நம் அறைதான் வருகிறது. அன்று எனக்கு இருபத்தைந்து முடிந்தது. காலையிலிருந்து ஒருத்தர் வாயிலும் ஒரு வாழ்த்து இல்லை. நீகூடப் பல் தேய்த்துக்கொண்டே "இன்னிக்கி என்ன கிழமை?" என்று கேட்டாய். நம் பல்செட்டு லேபுக்குப் போனால் மாவு அக்கா தலை நிமிராமல் பல் அச்சுகளில் ஜிப்சம் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். மெருகுக்காரர் மெஷினை நிறுத்தவே இல்லை. மேஸ்திரி, "அந்தக் கீழ்வரிசைப் பல்செட்டு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் மெழுகில் பல் அடுக்கும் மேசையில் நாள் பூராவும் அந்த மெழுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம், ஒருத்தருக்குமா ஞாபகம் இல்லை?

சாயங்காலம் அண்ணி போனில் கூப்பிட்டார். பேசிக்கொண்டே படி ஏறினேன். அறை இருட்டாக இருந்தது. நம் அறையில் சுவிட்ச் அந்தக் கோடியில் இருப்பதால் நான் எப்போதும் முதலில் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவேன், உனக்குத் தெரியும். அப்படியே உட்கார்ந்து அண்ணியிடம் ஏதேதோ பேசிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் யாரோ இருமினார்கள். லைட் எரிந்தது. திரைக்குப் பின்னால் மாவு அக்கா. சுவிட்சுக்குப் பக்கத்தில் நீ. கதவுக்குப் பின்னால் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு மேஸ்திரி. என் காலடியிலிருந்து தவழ்ந்து வந்த மெருகுக்காரர்.

யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மேஸ்திரி என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார். ஹேப்பி பர்த்டே. நீங்களும் பாடினீர்கள். போனில் அது கேட்டு, நீங்கள் எல்லோரும் அப்போதுதான் உள்ளே வந்தீர்கள் என்று நினைத்து அண்ணியும் அந்தப் பக்கம் உரக்கப் பாடினார். அந்தப் பாட்டு முடியும்வரை ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

என்னை மன்னித்துவிடு. எல்லோரிடமும் சொல். ஆனால் ஒன்று, பூனை. நீங்கள் எல்லோரும் நாள் பூராவும் மறந்த மாதிரி நடிக்காமல் இருந்திருந்தால் நான் அவ்வளவு கசந்து போயிருக்க மாட்டேன். அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

என் துணிமணியை அனுப்பி வைப்பாயா?

கீச்சு

*

ஜூன் 22

கீச்சுக்கு,

உன் பெட்டியைக் கட்டிவிட்டேன். நாளைக்குப் பார்சலில் வரும்.

நடித்தோம் என்கிறாய். ஆமாம், நடித்தோம். கேக் வாங்கியது, ஜன்னலில் போர்வை கட்டியது, அத்தனை உயரமான மனுஷனை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது எல்லாம் நடிப்புத்தான். உனக்காக நடித்தோம்.

நீ என்ன பேசினாய் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. 'ஏதேதோ' என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதுகிறேன்.

மாவு அக்காவைப் பற்றி: "வீட்ல பேச ஆளில்லாத பொம்பளை, அண்ணி. என் காதைத் தின்னாத்தான் அதுக்குப் பொழுது போகும். தினம் டப்பாவுல சாப்பாடு வேற. வாயில வைக்க முடியாது. வாசல்ல இருக்கிற நாய்க்குத்தான் போடறேன். அதுவே யோசிச்சு யோசிச்சுத்தான் தின்னுது."

மெருகுக்காரரைப் பற்றி: "ஊரான் பல்லையெல்லாம் பளபளன்னு ஆக்கற மனுஷன், அவர் வாயைத் திறந்தா பயந்துடுவீங்க." அப்புறம் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாரே, அதைச் சிரித்துக் காட்டினாய். அச்சு அசலாக இருந்தது. அவர் உனக்கு ஒரு அடி கீழே படுத்திருந்தார்.

என்னைப் பற்றி: "அவளா? அவளுக்கு என்னை விட்டா நாதி இல்ல. நான் பச்சைச் சட்டை வாங்கினா அவளும் பச்சை வாங்குவா. பாவம்னுதான் கூட வச்சிருக்கேன்."

இதுதான் ஏதேதோ.

மறுநாள் மாவு அக்கா எப்போதும்போல வந்தார். ஒரே ஒரு டப்பா கொண்டுவந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அன்று ஊற்றிய அச்சுகளில் பாதிக்குமேல் குமிழி விழுந்து வீணாகிப் போயின. மெருகுக்காரர் தூசுக்குப் போடும் முகக்கவசத்தை இப்போது டீ குடிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, உறிஞ்சிவிட்டு, இறக்கிவிடுகிறார். கேக்கை யாரும் வெட்டவில்லை. வீட்டுக்காரம்மா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இத்தனை நாள் பாவம் பார்த்து என்னை வைத்திருந்ததற்கு நன்றி. பச்சைச் சட்டையை உன் பெட்டியில்தான் போட்டிருக்கிறேன். இரண்டையும்.

பூனை

*

ஜூன் 29

பூனைக்கு,

பெட்டி வந்தது. திறந்ததும் மேலே அந்த இரண்டு சட்டைகள். அண்ணி பார்த்துவிட்டு, "ஒரே மாதிரி ரெண்டு எதுக்குடி வாங்கினே?" என்று கேட்டார். பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் பேசியது இன்னொருத்தர் கையெழுத்தில் இருக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. போனில் சொல்லும்போது வெறும் பேச்சாக இருந்தது. அண்ணி சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது. நாய்க்குப் போட்டது ஒரு நாளோ இரண்டு நாளோதான். மற்ற நாளெல்லாம் நான்தான் சாப்பிட்டேன். பல நாள் நன்றாகவே இருந்தது. வாயில் வைக்க முடியாது என்று சொன்னால்தானே சிரிப்பு வரும், அதற்காகக் கூட்டிச் சொன்னேன். பொய்யாகத்தான் சொன்னேன் என்றால் குற்றம் குறைந்துவிடும் என்று நினைத்து இதை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் கூடியிருக்கிறது.

இங்கே என் நிலைமையைக் கேள். அண்ணிக்கு அன்று நடந்தது ஒன்றும் தெரியாது. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இவ லேப்ல எல்லாரும் சேர்ந்து வீட்டுக்கே வந்து பாடினாங்க, நான் போன்ல கேட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைங்களை ஒரு தரம் கூட்டிட்டு வாயேன்" என்பார். என்னால் தாங்க முடியவில்லை. நேற்றுத் துணி மடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணி ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அப்புறம் கேட்டார்: "என்னைப் பத்தி அங்க என்ன சொல்லி வச்சிருக்கே?"

உனக்குத் தெரியும் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று. போனை வைத்த கையோடு அவர் மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவேன், நீ தரையில் உருண்டு சிரிப்பாய். நான் அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அண்ணி கோபப்படவில்லை, பூனை. முன்பெல்லாம் "ஏய், அந்த வாளியை எடு" என்பார். இன்று காலையில் "முடிஞ்சா அந்த வாளியை எடுத்துத் தர்றியா?" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதேன்.

மாவு அக்காவுக்கு எழுதலாமா? எழுதினால் படிப்பாரா? மெருகுக்காரருக்கு என்ன எழுதுவது? 'உங்கள் பல் நன்றாக இருக்கிறது' என்றா? நீதான் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றிச் சொன்னதற்கு இங்கே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அடித்தேன். அந்தக் கறுப்புக் கோடுகள்தான் கீழே தெரிபவை.

கீச்சு

*

ஜூலை 6

கீச்சுக்கு,

நீ அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மாவு அக்காவுக்கு எழுதாதே. கொஞ்சம் பொறு. அதற்குமுன் நான் ஒன்று சொல்ல வேண்டும். உன் முந்தைய கடிதத்துக்குப் பதில் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். நான் பாட்டுக்கு நீதிபதி மாதிரி உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

அன்று என் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. நீ கதவைத் திறந்த உடனே லைட்டைப் போட்டு எல்லோரும் கத்துவதாக ஏற்பாடு. நீ போனில் பேசிக்கொண்டு வந்தாய். சரி, முடிக்கட்டும் என்று நின்றேன். அது நியாயம். "ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல அண்ணி" என்று நீ ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் சரி.

பிறகு நீ மாவு அக்கா பெயரை எடுத்தாய். அப்போதே போட்டிருக்கலாம். ஒரு விரலை அழுத்த வேண்டிய வேலை. மாவு அக்கா திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டு, "போட்டுடும்மா" என்றார். காற்று மாதிரிச் சொன்னார், உனக்குக் கேட்டிருக்காது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கிப் பிடித்தேன். இரு என்று அர்த்தம்.

எதற்கு என்று கேட்கிறாயா? இவர்களைப் பற்றி இப்படிப் பேசுகிறவள் என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று தெரிய வேண்டியிருந்தது. வரிசையாகப் போகிறாள், அடுத்து நான்தான் என்று காத்திருந்தேன். மெருகுக்காரர் முறை வந்தபோதும் காத்திருந்தேன். என் காதுக்குத் தீனி போட அவர்கள் இரண்டு பேரையும் கேட்க வைத்தேன். மெருகுக்காரருக்கு இருமல் வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இது யாருக்கும் தெரியாது. லேபில் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். கூட இருந்தவளே இப்படிப் பேசிவிட்டாளே என்று. நானும் அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி உன் ஜன்னல் மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பல் ஒன்றைத் துளி சாய்த்து வைத்தால்தான் சொந்தப் பல் மாதிரி இருக்கும் என்று நீ காட்டிக் கொடுத்தாயே, அப்படியே வைக்கிறேன். "நல்லா வருதே, யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "நானாத்தான்" என்றேன்.

பாவம் என்று நீ சொன்னதுகூட எனக்கு இப்போது அவ்வளவு வலிக்கவில்லை. அதைக் கேட்க நான் கொடுத்த விலைதான் உறுத்துகிறது.

பூனை

*

ஜூலை 10, காலை

பூனை,

நீ நிறுத்தியிருக்கலாம். ஒரு விரல்! ஒரு மாதமாக நான் இங்கே தலை நிமிராமல் திரிகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் மாவு அக்கா ஞாபகம் வந்து எழுந்து விடுகிறேன். நீ அங்கே என் மேசையில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தண்டனை எழுதி அனுப்பினாய். இரண்டு சட்டையையும் மேலாக மடித்து வைத்து அனுப்பினாய்! அதற்கு எவ்வளவு யோசித்திருப்பாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

அதே நாள், மத்தியானம்

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் நான்தான், நீ படிக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். அப்பாடா, இன்னொருத்தி கிடைத்தாள் என்று. அந்தச் சந்தோஷத்தோடு கடைக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு மாதமாக இல்லாத நடை. வழியில் இரண்டு பேரிடம் சிரித்துப் பேசினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நீ சுவிட்சைப் போட்டிருந்தால் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் சொன்னது சொன்னதாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் அந்த டப்பாவைச் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பேன். நீங்கள் யாரும் கேட்காத எத்தனை சாயங்காலங்கள் நான் அப்படிப் பேசியிருக்கிறேன்.

மாவு அக்காவின் கையைப் பிடித்ததை அவரிடம் சொல்லிவிட்டாயா? சொல் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

மேசையை வைத்துக்கொள். நீயும் நன்றாகத்தான் அடுக்குவாய். நான் ஒரு நாளும் அதை உன்னிடம் சொன்னதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

கீச்சு

*

ஜூலை 19

கீச்சுக்கு,

உன் காலைக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மத்தியானக் கடிதத்தைப் படிக்கவில்லை. சட்டையைப் பற்றி நீ எழுதியது சரி. மடித்து வைக்கும்போது எனக்கு ருசியாகத்தான் இருந்தது.

சொல்லிவிட்டேன். எல்லோரிடமும். டீ நேரத்தில் சொன்னேன். மெருகு மெஷின் நின்றிருந்தது, தப்பிக்க வழியில்லை. "அன்னிக்கி நான் லைட்டைப் போட்டிருக்கலாம். போடாம நின்னேன். அக்கா போடச் சொன்னாங்க, அவங்க கையைப் பிடிச்சு நிறுத்தினேன். என்னைப் பத்தி என்ன சொல்றான்னு கேக்கணும்னு இருந்துச்சு." மனப்பாடம் செய்து வைத்திருந்தது அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டு என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாவு அக்கா கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும்" என்றார். "என் கையைத்தானே பிடிச்சே. எனக்குத் தெரியாதா? எப்ப வாயைத் திறக்கறேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அவர் குரலில் கனிவு ஒன்றும் இல்லை. "அவ பேசினது தெரியாம பேசினது. நீ தெரிஞ்சு என்னை நிக்க வச்சே. ரெண்டுல எது பெருசுன்னு நானும் தினம் யோசிக்கறேன். இன்னும் பிடிபடல."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அப்போது மெருகுக்காரர் முகக்கவசத்தை இறக்கினார். "எனக்கு இருமல் ஆரம்பத்துலயே வந்துச்சு" என்றார். "அடக்கிக்கிட்டுத்தான் கிடந்தேன். அக்கா பேச்சு ஓடும்போது இருமியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். நானும்… என்னைப் பத்தியும் ஏதாவது வருமான்னு…" முடிக்கவில்லை. கவசத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டார்.

மேஸ்திரி செருமினார். "எனக்கு ஒரு வருத்தம்" என்றார். "இத்தனை வருஷம் உங்களையெல்லாம் மேய்ச்சிருக்கேன். அந்தப் பொண்ணு என்னைப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ ஒரு வார்த்தை சொல்லல. கதவுக்குப் பின்னாடி நின்னு நின்னு எனக்குக் கால் வலிச்சதுதான் மிச்சம்."

மெருகுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போனது, ஆனால் சிரித்தார். மாவு அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார்.

முன்பல் சாய்ப்பது உன் யோசனை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்டி, அவ வேலையை நான் பாத்ததில்லையா" என்றார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, கீச்சு. நாம்தான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு திரிகிறோம்.

கிளம்பும்போது மாவு அக்கா என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். அப்படியே எழுதுகிறேன்: "காயிதம் கீயிதம்னு ஒண்ணும் எனக்கு அனுப்ப வேண்டாம். சொல்றதா இருந்தா மூஞ்சியைப் பாத்துச் சொல்லச் சொல்லு. ஞாயித்துக்கிழமைல வீட்லதான் இருப்பேன். பேச ஆளில்லாத வீடுதானே."

பூனை

*

ஜூலை 28

பூனைக்கு,

போய்விட்டு வந்தேன். நேற்று, காலை வண்டியில். உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நீ வண்டி நிற்கிற இடத்துக்கு வந்துவிடுவாய், உன் பின்னாலேயே ஒளிந்துகொண்டு அங்கே போவேன் என்று பயந்தேன்.

மாவு அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்தார். சின்ன வீடு, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றேன். வண்டியில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள், கோபத்தில் தெரியாமல் பேசிவிட்டேன் என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை விடு. அன்னிக்கி சொன்னியே, அதைச் சொல்லு."

"எதை அக்கா?"

"நாலு பேர் இருக்காங்கன்னு தெரியாம சொன்னதை. இப்ப நான் இருக்கேன்னு தெரிஞ்சு சொல்லு."

"வேண்டாங்க்கா" என்றேன். அவர் காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. 'வீட்ல பேச ஆளில்லாத' என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை 'பொம்பளை'. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் சொல்ல முடியவில்லை, பூனை. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை அவரே சொன்னார். முழுவதையும். காதைத் தின்பது, டப்பா, நாய் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பிசகாமல், நான் எங்கெங்கே இழுத்துச் சொன்னேனோ அங்கங்கே அப்படியே இழுத்து. இத்தனை நாளாக அதை எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் அப்படி வரும்!

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழ வேண்டியவர் அழாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிடிக்கலன்னா வேண்டாங்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டார். "காலைல எழுந்து உனக்கும் சேத்து ஆக்கிட்டு வருவேன். வேண்டாம்னா இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருப்பேனே."

"பிடிச்சிருந்துச்சு அக்கா. பொய்தான் சொன்னேன்."

"அப்ப அது இன்னும் மோசம்" என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்தேன். வாசல்வரை வந்து, "எனக்கு இன்னும் ஆறல. ஆறினதும் மூஞ்சியைப் பாத்தா உனக்கே தெரியும். அதுவரைக்கும் என்கிட்ட வந்து வந்து கேக்காதே" என்றார். சரி என்றேன். மன்னிப்பு வாங்கத்தான் போனேன். வாங்காமல் வந்தேன். ஆனாலும் படியை நிதானமாக இறங்கினேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெருகுக்காரரை அவர் தெருமுனையில் பிடித்தேன். "அதெல்லாம் விடு" என்று அவர் கையை ஆட்டினார். விடமாட்டேன் என்று நின்று சொன்னேன். அவர் காதெல்லாம் சிவந்து போனது. "போய்ட்டு வாம்மா, வண்டிக்கு நேரமாச்சு" என்று என்னை விரட்டினார்.

அப்புறம் நம் தெருவுக்கு வந்தேன். மாடியில் உன் துணி காய்ந்துகொண்டிருந்தது. படிக்குக் கீழே நின்றேன். ஏறவில்லை. அவர்கள் இருவருக்கும் சொல்ல முடிந்தது உனக்குச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்தத் தடவை அடிக்க மாட்டேன்.

அன்று அண்ணி போனில், "அங்க தனியாக் கிடந்து என்ன பண்றே, பேசாம இங்க வந்துடு" என்று சொன்னார். எப்போதும் சொல்வார். வர மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவளை விட்டு வர எனக்கு மனசில்லை, அவள் இல்லாத அறைக்குள் நுழைய எனக்குப் பிடிக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்குமே என்று கூச்சம். அதனால் திருப்பிப் போட்டேன். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, பாவம் என்றேன். யாருமில்லாதது யாருக்கு என்று இந்த ஒன்றரை மாதத்தில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. பச்சைச் சட்டையும் நீதான் முதலில் வாங்கினாய். அதுவும் உனக்குத் தெரியும். இருந்தும் உன் கடிதத்தில் அதை நீ சொல்லவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது தோன்றியதும் வண்டிக் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்கக் கூசியது. என் பிறந்தநாளுக்கு நீ ஜன்னலில் போர்வை கட்டினாய். உன் பிறந்தநாள் என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்டதே இல்லை. என்றைக்கு, பூனை?

கீச்சு

*

ஆகஸ்ட் 6

கீச்சுக்கு,

நீ படிக்குக் கீழே நின்றதை மேலேயிருந்து பார்த்தேன். துணி எடுக்க வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. நீயாக ஏறி வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நீ திரும்பி நடந்ததும் ஓடி வந்தேன். வீட்டுக்காரம்மா வாசலில் நிறுத்தி, "ஒரு பொண்ணு அறை பாக்க வந்தா, அந்தக் கட்டில் காலியா இல்லையா, ஒரே பேச்சா சொல்லு" என்று பிடித்துக்கொண்டார். "காலி இல்ல" என்று கத்திவிட்டுத் தெருவுக்கு வந்தேன். நீ போய்விட்டிருந்தாய்.

மாவு அக்கா நீ வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. மெருகுக்காரர்தான் சொன்னார். அக்கா என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். நீ வந்தால் உன்னிடமும் அப்படித்தான் பேசுவார். நாம் இரண்டு பேரும் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன். "வரட்டும். ஆனா ஜன்னல் மேசை கிடையாது. அந்த ஓரத்துல உக்காரட்டும்" என்றார். அந்த ஓரத்தில் வெளிச்சம் மட்டம். சொல்லி வைக்கிறேன்.

நீ எழுதிய காரணத்தைப் படித்தேன். நம்புகிறேன். ஆனாலும் 'பாவம்' என்ற சொல் இப்போதும் சில நேரம் காதில் விழுகிறது. பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது. சட்டென்று போய்விடும் என்று உனக்கு நான் எழுத மாட்டேன்.

இன்னொன்று. நீ என்னைப் பற்றி உன் அண்ணியிடம் பேசிய மாதிரி நானும் உன்னைப் பற்றி என் தங்கையிடம் பேசியிருக்கிறேன். யாரும் ஒளிந்து நின்று கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் உட்கார வைத்துச் சொல்வேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் பிறந்தநாளைக் கேட்டிருந்தாய். இவ்வளவு நாள் கேட்காதவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். ஆகஸ்ட் பத்தொன்பது.

எனக்குக் கேக் வேண்டாம். யாரையும் கூப்பிடவும் வேண்டாம். காலையில் நான் கண் விழிக்கும்போது எதிர்க் கட்டிலில் நீ உட்கார்ந்து, "இன்னிக்கி உன் பிறந்தநாள்டி" என்று சொன்னால் போதும்.

அதற்கு நீ முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

பூனை